புள்ளிப் பலகையில் இறங்கிய எண்

1. கேட்டுக்கு வெளியே

டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கேட்டுக்கு வெளியே பெரிய கூட்டம். வேலைநிறுத்தம் இல்லை, போனஸ் மாதமும் இல்லை. நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தலையில் கறுப்பு முடியே கிடையாது. எல்லோரும் எங்கள் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சுவரில் இருந்த கரும்பலகையை நோக்கி ஆளாளுக்குக் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த ஒரு நூற்பாலையில், டைம் ஆபீஸில், நான் என் உத்தியோக காலம் முழுவதும் இருந்தேன். ஆளுக்கு எத்தனை ஷிப்ட், எவ்வளவு சம்பளம், யாருக்கு என்ன பென்ஷன் என்பதெல்லாம் என் பொறுப்பு. பி.எஃப். பென்ஷன் தவிர, மில்லே ஒரு டிரஸ்ட் வைத்துத் தனியாக ஒரு பென்ஷன் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் அது அபூர்வம். அதிலும் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏறும்.

விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அரசாங்கம் ஒரு குறியீட்டு எண் வெளியிடும். எங்கள் ஆட்கள் அதைப் புள்ளி என்பார்கள். ஒரு புள்ளி ஏறினால் பென்ஷனில் இத்தனை ரூபாய் சேரும் என்று தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைச் சாக்பீஸால் கேட் பலகையில் எழுதிவிடுவோம். அவர்களே வந்து பார்த்து, பழைய எண்ணைக் கழித்து, மனசுக்குள் பெருக்கி, தங்கள் உயர்வு என்ன என்று தெரிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பேங்கில் பணம் ஏறுவதற்கு முன்பே சந்தையில் அதற்குச் செலவு ரெடியாக இருக்கும்.

அன்றைக்குப் பலகையில் முந்நூறைத் தாண்டியிருந்த எண்ணுக்குக் கீழே புது எண் வெறும் நூற்றுச் சொச்சமாக இருந்தது. எழுதியவர் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் சுரேஷ். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பையன்தான். அரசாங்கம் என்ன எண் போட்டதோ அதை அப்படியே எழுதியிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் நல்லமுத்தண்ணன். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின்களுக்குப் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சேந்தமங்கலத்துக்காரர்.

"ஏனுங்க அம்மிணி, புள்ளி இப்பிடி வுழுந்து கெடக்குது? தக்காளி வெல கொறஞ்சுபோச்சுங்களா? நேத்துக்கூட வாங்குனனே."

"விலை குறையலைங்கண்ணா. எண்ணுற முறை மாறியிருக்கு."

"மொறை மாறுனா எங்க காசு என்னாகும்?"

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவர் நகரவில்லை.

அவர் நகராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு அவர் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் ஷெட்டில் ராத்திரி வாட்ச்மேனாக இருந்தார். முழங்கால் போய்விட்டது, கண்ணும் மங்கல். பொழுது சாய்ந்தால் டார்ச் லைட்டோடு பஸ் ஏறுவார். அவர் மனைவி பாப்பாத்தியக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்லும்: "அடுத்த புள்ளி ஏறட்டுங்க அம்மிணி, இவர ஊட்டுல உக்கார வெச்சுப்போடுவேன்." இரண்டு மூன்று தடவை புள்ளி ஏறியும் குறைச்சல் தீரவில்லை. இந்தத் தடவை ஏறினால் வேலையை விட்டுவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மனுஷன் ராத்திரி தூங்குவதா, டார்ச் அடிப்பதா என்பது அந்தப் பலகையில்தான் இருந்தது.

2. நாற்பதாம் நம்பர் நூல்

நடந்தது இதுதான். அரசாங்கம் ஏதாவது ஒரு வருஷத்து விலையை நூறு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணும். அதற்கு அடிப்படை ஆண்டு என்று பெயர். அந்த வருஷம் ரொம்பப் பழசாகிவிட்டால் புதிதாக ஒரு வருஷத்தை எடுத்து, அதை நூறாக வைத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணும். மக்கள் வாங்குகிற சாமான்களும் மாறிவிடுகின்றன அல்லவா, அந்தப் பட்டியலையும் புதுசாக்கும். பழைய எண்ணோடு சேர்த்துப் பார்க்க ஒரு இணைப்புக் காரணியும் கொடுக்கும். புது எண்ணை அதைக் கொண்டு பெருக்கினால் பழைய கணக்குக்கு வந்துவிடும். அந்தத் தடவை அந்தக் காரணி மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

சுரேஷ் தன் மேஜையில் ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"மேடம், இதுல பெருக்கணும்னு எங்கயும் இல்ல. புள்ளி இறங்கினா உயர்வு இல்ல, கொடுத்ததக் குறைக்கக் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு. இறங்கியிருக்கு. அதனால இந்தத் தடவ ஜீரோ."

"இந்தத் தடவை மட்டுமா சுரேஷ்? புது எண் மறுபடி முந்நூறைத் தாண்டற வரைக்கும் ஜீரோதான். அது எப்போ தாண்டும்?"

அவர் கால்குலேட்டரை எடுத்தார். கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். விடை எனக்குத் தெரியும். அது தாண்டுவதற்குள் கேட்டில் நின்ற யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு தடவை நின்றுபோகும் உயர்வு அல்ல இது, ஆயுசுக்கும் நின்றுபோவது. அதை நினைத்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்கவே முடியவில்லை. அதே கோபத்தோடு முதலாளி அறைக்குப் போனேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. நூல் சந்தை படுத்துக் கிடந்த நேரம். கையில் காசு இல்லாதபோது யாருக்கும் சட்டம் ரொம்பத் தெளிவாகத் தெரியும்.

"ஒப்பந்தத்துல உள்ளதத்தான சரோஜாம்மா கொடுக்க முடியும்? அதுக்கு மேல கொடுத்தா ஆடிட்டர் என்னையக் கேப்பாரு."

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். நம்ம நாப்பதாம் நம்பர் நூல வெளிநாட்டுக்காரன் டெக்ஸ் அளவுல கேட்டா என்ன நம்பர் போட்டு அனுப்பறோம்?"

"பதினஞ்சுக்குக் கிட்ட. அதுக்கென்ன?"

"நூலு மாறிப்போச்சுங்களா?"

"நூல் எப்படி மாறும்? அளவுதான வேற."

"நாப்பது பதினஞ்சா ஆயிருச்சுன்னு பார்ட்டி காசக் கொறச்சா உடுவீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். சின்ன வயதில் டெஸ்டிங் லேபில் நின்று நூல் நம்பர் பார்த்துப் பழகிய மனிதர் அவர். சிரித்துவிட்டார்.

"பொழச்சுப் போகட்டும். பெருக்கிக் கொடுத்துருங்க. ஆடிட்டர்கிட்ட நானே பேசிக்கறேன்."

பலகையில் பெருக்கிய எண்ணை நானே எழுதினேன். கூட்டம் கலைந்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பாதிதான் முடிந்திருந்தது.

3. முட்டை அட்டை

ஒரு வாரம் போயிருக்கும். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஒரு புதுப் புள்ளி பழைய புள்ளி மூன்றுக்குச் சமம், அதனால் இனிமேல் புள்ளிக்கு உண்டான காசும் மூன்று மடங்கு என்று. யாரோ கணக்குத் தெரிந்த மாதிரிப் பேசியிருக்கிறார்கள். பென்ஷன் விஷயத்தில் நல்ல சேதி நடந்து போகாது, பஸ் ஏறிப் போகும்.

பழைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் டைம் ஆபீஸுக்கு வந்தார்கள். நல்லமுத்தண்ணனும் இருந்தார்.

"பெருக்கியாச்சுன்னு சொன்னீங்க. அப்பக் காசையும் மூணா பெருக்கோணுமில்லீங்க?" என்றார் ஒருவர்.

முதலாளியிடம் பேசியது போலவே இவர்களிடமும் பேச வேண்டியிருந்தது. ஏமாறக் கூடாது, ஏமாற்றவும் கூடாது. இரண்டும் ஒரே கணக்குதான்.

"நாமக்கல்லுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலைன்னா எப்படிங்கண்ணா? ஒரு அட்டை முட்டைன்னு சொல்லலாம், முப்பது முட்டைன்னும் சொல்லலாம். அட்டைக்கு உண்டான காச முட்டைக்கு முட்டை கேட்டா கடைக்காரர் கொடுப்பாரா?"

"கொடுக்க மாட்டான். அடிப்பான்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதேதான். புள்ளியப் பெருக்கியாச்சு. காசையும் பெருக்கினா ரெண்டு தடவ பெருக்கினதாயிரும்."

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நல்லமுத்தண்ணன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஷெட்டுல சொல்லிப்போட்டனுங்க அம்மிணி. ஒண்ணாந்தேதியிலருந்து வரமாட்டேன்னு."

"மூணு மடங்குன்னு நம்பியாங்கண்ணா?"

"இல்லீங்க. அத எவன் நம்பறது. நீங்க பலகையில எழுதுனீங்களே, அதப் பாத்துத்தான் சொன்னேன். அது போதும்னு என்ற ஊட்டுக்காரி கணக்குப் போட்டுட்டா. சும்மா இவங்களோட கூட வந்தேன். எனக்கு வேற ஒண்ணு தெரியோணும். இனி வார அரையாண்டுலயும் இப்படியே பெருக்கித்தான் போடுவீங்களா?"

"போடுவோம். முதலாளி சொல்லியிருக்கார்."

"சொல்லியிருக்காரு, சரி. எழுதியிருக்குதுங்களா?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆயுசு பூராவும் மில்லில் இருந்தவர், வாய்ச்சொல்லுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாதா?

"எழுதலைன்னா நான் போயி ஷெட்டுக்காரங்கிட்ட வேலைக்கு வாரேன்னு மறுக்காச் சொல்லிப்போட்டு வாரேன். இன்னும் ஆளு வெக்கல."

"இருங்கண்ணா," என்றேன். "ஒண்ணாந்தேதிக்கு நாள் இருக்கு. அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க."

4. ஒரு வாக்கியம்

முதலாளிக்கு இந்தத் தடவை உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"நான் சொன்னா போதாதா? எத்தன வருசமாப் பாக்கறீங்க என்னைய?"

"போதுங்க ஐயா. நீங்க இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் போதும். அப்புறம் வாரவங்க உங்க பேச்சத் தேடுவாங்களா, ஒப்பந்தத்தத் தேடுவாங்களா? சுரேஷ் தேடுன மாதிரி அதுல இல்லைம்பாங்க."

நான் விடவில்லை. சங்கத்துக்காரர்களும் கையெழுத்துப் போட வருவார்கள், டிரஸ்டுக்குக் கூடுதலாக ஒரு பைசா செலவு இல்லை, ஏற்கெனவே கொடுப்பதைத்தான் எழுதுகிறோம் என்றேன். கடைசியில் சுரேஷை வரச் சொன்னார். வாசகத்தைச் சுரேஷ்தான் எழுதினார். என்னைவிட நன்றாகவே எழுதினார்: அடிப்படை ஆண்டு எப்போது மாறினாலும், அரசு தரும் இணைப்புக் காரணியால் பெருக்கிய எண்ணே இந்த ஒப்பந்தத்தின் குறியீட்டு எண். சங்கம் கையெழுத்துப் போட்டது, முதலாளியும் போட்டார். ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் மிச்சம் இருந்தது.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைச் சின்னவர்களுக்குச் சொல்வதென்றால் இவ்வளவுதான். ஒரு எண் ஏறினாலும் இறங்கினாலும், அது எங்கிருந்து எண்ணப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்குக் கிடைத்தது நல்ல மனதால் கிடைத்ததா, எழுதி வைத்த விதிமுறையால் கிடைத்ததா என்று பாருங்கள். நல்ல மனதை வணங்குங்கள். ஆனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நானும் இப்போது அந்த டிரஸ்டில் பென்ஷன் வாங்குகிறவள்தான். கொஞ்ச நாளைக்கு முன்பு, அடிப்படை ஆண்டை மறுபடியும் மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. நல்லமுத்தண்ணன் பயந்துவிடுவாரே என்று அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். பொழுது சாய்கிற நேரம், முன்பெல்லாம் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்புகிற நேரம். பாப்பாத்தியக்கா எடுத்தது.

"அவரு படுத்துத் தூங்கறாருங்க அம்மிணி. எழுப்பட்டுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். புள்ளி மறுபடியும் கீழே விழுந்த மாதிரித் தெரியலாம், யார் என்ன சொன்னாலும் பயப்பட வேண்டாம் என்றேன்.

"அதான் எழுதியிருக்குதுங்களே," என்றது. "அதுக்கு எதுக்கு எழுப்பறது? தூங்கட்டும் உடுங்க."