தாம்பரத்திலிருந்து ஹேம்குண்டுக்குப் பதினொரு பேர்

மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்குக் கால்வலியைவிடத் தொண்டைவலிதான் அதிகம். நாலு சொந்தக்காரர்களை ஒரே வேனில் ஏற்றி எங்காவது கூட்டிப்போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், என் நிலைமையை நான் விளக்கவே வேண்டாம். இமயமலையில் இருக்கிற சீக்கியர்களின் குருத்வாரா ஹேம்குண்ட் சாஹிபுக்குப் போன வருஷம் பதினொரு பேரைக் கூட்டிப்போனேன். எல்லாரும் நம்ம தாம்பரம் சுற்றுவட்டாரம்தான்.

ஒத்திகை

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுவேன்: ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநீர்மலைப் படிகளில் ஐந்து தடவை ஏறி இறங்க வேண்டும். முடிச்சூர் ஏகாம்பரம் சார் மனைவி கஸ்தூரிம்மாவோடு வந்தார். சாருக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தை மனையாக்கி விற்றவர். கஸ்தூரிம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஐந்து தடவையும் ஏறினார். சார் ஒரே ஒரு தடவை ஏறிவிட்டுக் கீழே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் சார் என்று கேட்டேன்.

"எத்தினி தபா ஏறிப் பார்த்தாலும் பிளாட் போட முடியாத எடம் மேடம் அது. ஒரு தபா பார்த்தா போதாதா?"

குளிர் நிபுணர்

நஸீர் பாய் சேலையூரில் ஏசி மெக்கானிக். மலை ஏறுவது ரொம்ப நாள் ஆசையாம். ஸ்வெட்டர், கையுறை, குரங்குக் குல்லா என்று நான் கொடுத்த பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "குளிர்ல புழங்குறதுதான்க்கா நம்ம தொழிலே" என்றார். காங்கரியா என்கிற கடைசி ஊரில் தங்கினோம். விடிந்ததும் கதவைத் தட்டினால், கம்பளிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. அடுத்தவருடைய குல்லாவையும் வாங்கிப் போட்டிருந்தார்.

"இன்னாக்கா இது, ஊருக்கே ஏசி போட்டுட்டு ஆஃப் பண்ற சுவிட்சை வைக்க மறந்துட்டாங்க!"

பத்து நிமிஷம்

காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஒரேயடியாக ஏற்றம். ஏகாம்பரம் சார் குதிரை எடுத்துக்கொண்டார். கஸ்தூரிம்மா மாட்டேன் என்றுவிட்டார். வாயில்லா ஜீவன் மேல் உட்கார மனசு வரவில்லையாம். கோலை ஊன்றி மெதுவாக நடந்தார்; மற்றவர்கள் முன்னால் போய்விட, நானும் நஸீர் பாயும் அவரோடு வந்தோம். எதிரே இறங்கி வந்த சீக்கியக் குடும்பங்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டு, கையில் மிட்டாய் திணித்து, "பஸ் தஸ் மினிட்" என்று உற்சாகப்படுத்திவிட்டுப் போனார்கள். இன்னும் பத்தே நிமிஷம்தான் என்று நானும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். ஏழாவது தடவை மொழிபெயர்த்தபோது கஸ்தூரிம்மா நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பத்து நிமிஷம் ரெண்டு மணி நேரமா நம்மகூடவே நடந்து வருதே!"

பாறை மேல் ஒரு மனிதர்

மேலே போய்ச் சேர ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, பாதையோரப் பாறையில் ஏகாம்பரம் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குதிரைக்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை வாந்தி. உதடு நீலம் பாரித்திருந்தது. இது எந்த ஊர் என்று கேட்டேன். பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தார். உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே மருந்து இறங்குவதுதான்; உடனே இறங்குங்கள் சார் என்றேன். "ரெண்டு மாத்திரை குடு, சரியாப் பூடும்" என்று சண்டை போட்டார். முடியாது என்று நானும் கத்தினேன். கஸ்தூரிம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் இறங்குவதாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் நஸீர் பாய் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "அக்கா, நீங்க இவங்களைக் கூட்டிக்கினு மேல போங்க. அண்ணனை நான் எறக்கிடறேன். மலை எங்கியும் ஓடிப்போவாது." அவர் எவ்வளவு ஆசையாக வந்தார் என்று எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினேன். ஏகாம்பரம் சார் அவரைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

"சபரிமலை, திருப்பதின்னு எல்லாத்துக்கும் நானா போயிட்டு உனக்குப் பிரசாதம் மட்டும்தானே கொண்டாந்தேன். இந்த தபா நீ போயிட்டு எனக்குக் கொண்டா."

இரண்டு விரல்

மேலே போனதும் கஸ்தூரிம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஏரிக்கரையில் நின்றார். சுற்றிலும் பனி, நடுவில் அசையாத தண்ணீர். குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். லங்கர் என்கிற இலவசச் சாப்பாட்டுக் கூடத்தில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் கொடுத்தார்கள். பிரசாத அல்வா வாங்கும்போது, கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தமிழிலேயே சொல்லி இரண்டு விரலைக் காட்டினார். அந்தப் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, ஒரு டப்பா நிறைய வைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் காங்கரியாவில் ஏகாம்பரம் சார் தெளிவாக உட்கார்ந்து, நஸீர் பாயோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இரண்டு பேரும் அல்வாவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேலே எப்படி இருந்தது என்று சார் கேட்டார். கஸ்தூரிம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்றேன், பொறுமையா கேளுங்க. உங்களை மாதிரி 'கூட்டம் ஜாஸ்தி'ன்னு ரெண்டே வார்த்தையில முடிக்க மாட்டேன்."

பதினொரு பேரையும் பத்திரமாகத் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன், வழியில் தொலைந்தது மூன்று கைத்தடியும் ஒரு பல்செட்டும்தான். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் மகத்தான வெற்றி.