நாலு மீனும் நலம்

என் கை சும்மா இருக்காது. இது என் மனைவி என்மேல் வைத்திருக்கும் புகார். நாற்பது வருஷமாகச் சொல்கிறாள், ஒருதரம்கூட நான் மறுத்ததில்லை. இந்தத் தீவில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். போல்ட்டு, நட்டு, வால்வு எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, சீட்டுக் கட்டி அடுக்கி வைப்பதுதான் வேலை. அழுக்காக ஒன்று கண்ணில் பட்டால் அதைத் துடைக்காமல் நகர மாட்டேன். அப்படிப்பட்டவன் கையில்தான் ஒருநாள் ஒரு மீன் தொட்டி வந்து மாட்டியது.

தொட்டி என்று பெரிதாகச் சொல்கிறேன். அது ஒரு பழைய பேட்டரி ஜாடி. அந்தக் காலத்துப் பெரிய பேட்டரிகள் கனத்த கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும். உள்ளே தகடு வீணாய்ப் போனால் ஜாடியைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊறுகாய் போட ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "ஆசிட் கெடந்ததுல ஊறுகாயா? நல்லாத்தான் இருக்கு ஒங்க புத்தி" என்றாள் அவள். பத்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்து, அதை மீனுக்கு எடுத்துக்கொண்டாள்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மரச்சுவர், தகரக் கூரை. பின்பக்கம் மேடு என்பதால் பின்னறைக்கு வெயிலே வராது. அந்த அறை ஜன்னலோரத்தில்தான் ஜாடி. அடியில் ஓடையில் அள்ளிய கருமண், அதன்மேல் பொடிக்கல். அதில் வேலம்பாசியும், ஓடை நிழலில் கிடந்த, எனக்குப் பெயர் தெரியாத ஓர் அகல இலைச் செடியும் நட்டிருந்தாள். வாய்க்காலில் துண்டை விரித்துப் பிடித்த நாலு மீன். விரல் நீளம் இருக்கும். நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்று கொசுப்புழுவைத் தின்னும். துள்ளி வெளியே விழுகிற ஜாதி என்பதால் ஜாடி வாயில் கொசுவலைத் துணியைக் கட்டியிருப்பாள். நாலில் ஒன்றுக்கு வாலில் ஒரு கடி வாங்கின இடம் இருந்தது. அதற்கு மட்டும் 'வால் அறுந்தவ' என்று பெயர்.

எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போன பிறகு வந்த மீன்கள் அவை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் பின்னறையில் உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முன்னறையில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த தடவை உண்டானபோது இங்கே வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. டிசம்பரில் அவளை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றினேன். அம்பாசமுத்திரத்துப் பக்கம் அவள் அண்ணன் வீடு. கப்பல் ஏறும் ஜெட்டியில் நின்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் மீனைப் பற்றித்தான்.

"வெயில்ல வைக்காதிய. கொறையுற தண்ணிக்கு மழைத் தண்ணி ஒரு செம்பு ஊத்துனா போதும். அழுகின எலை இருந்தா கிள்ளிப் போடுங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம். கேட்டியளா? ஒண்ணும் செய்யாண்டாம்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குத் தெரியாத தொழில். ஆனாலும் ஜனவரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காலையில் தகர டிரம்மிலிருந்து ஒரு செம்பு மழைத் தண்ணீர். அதே டிரம்மில் நெளியும் கொசுப்புழு ஒரு கரண்டி. அவ்வளவுதான். வாரம் ஒருமுறை மலேரியா டிபார்ட்மெண்ட் ஆள் வந்து தேங்கின தண்ணீரையெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஜாடியில் ஒரு புழு இருக்காது. டிரம்மைப் பார்த்துவிட்டுத்தான் என்னை முறைப்பார்.

கப்பல் வந்தால்தான் தபால். அவளிடமிருந்து வந்த முதல் கடிதம், "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி மூன்றாம் வரியிலேயே மீனுக்கு வந்துவிட்டது. வால் அறுந்தவள் எப்படி இருக்கிறாள், செடி தழைக்கிறதா என்று கேள்வி. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருந்தாலும் "நாலு மீனும் நலம்" என்று எழுதினேன். அன்றைக்கு அது உண்மை.

பிப்ரவரியில் என் கை அரிக்க ஆரம்பித்தது. இருட்டறையில் கிடந்த செடிகள் எனக்கு வெளிறினாற்போலத் தெரிந்தன. வெயில் இல்லாமல் எந்தச் செடி வளரும்? பெரிய விவசாயி மாதிரி யோசித்து, ஜாடியைத் தூக்கி வெயில் விழும் முன்வாசலில் வைத்தேன். எட்டே நாளில் தண்ணீர் பச்சையாகக் குழம்பிவிட்டது. மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடியெல்லாம் பாசி வழுக்கியது. அந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒருநாள்கூட இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மீன்களை ஒரு போசியில் விட்டேன். அடியில் இருந்த கருமண் சாக்கடை மாதிரி நாறுகிறது என்று அள்ளி வெளியே கொட்டினேன். ஜாடியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். கடற்கரையிலிருந்து வெள்ளை வெளேரென்று மணல் கொண்டுவந்து, உப்புப் போக ஏழு தடவை அலசி அடியில் போட்டேன். ஊரில் ஆற்று மணலையே பார்த்து வளர்ந்தவன் நான். இந்தத் தீவின் வெள்ளை மணல் பவளமும் கிளிஞ்சலும் உடைந்த தூள், எத்தனை தடவை அலசினாலும் அது சுண்ணாம்புதான் என்று எனக்கு அப்போது தெரியாது. மழை நின்று டிரம் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அதனால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். கோடையில் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கும். அந்த வாடை எனக்குச் சுத்தத்தின் வாடையாகத்தான் பட்டது.

ஜாடி பளபளவென்று இருந்தது. எட்டி நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன். மறுநாள் காலையில் இரண்டு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தன. அதில் ஒன்று வால் அறுந்தவள்.

அடுத்த சில நாளில் செடியும் கரைந்து கூழாகிவிட்டது. நான் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனால் சகுனம் பார்க்கிறவன் இல்லை. அன்றைக்கு மட்டும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்கு எட்டு மாதம். 'உன் மீனைக் கொன்றுவிட்டேன்' என்று எந்தக் கையால் எழுதுவது? மறுவாரக் கப்பலில் போன கடிதத்திலும் "நாலு மீனும் நலம்" என்றே எழுதினேன்.

பணிமனையில் ஒரு வங்காளி ஃபிட்டர் இருந்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர், வீட்டைச் சுற்றி வயலும் குளமும் வைத்திருந்தார். என் வயதுதான், ஆனாலும் அவர் பாஷையில் அண்ணன் என்கிற அர்த்தத்தில் 'தாதா' என்பேன். என் முகத்தைப் பார்த்து வற்புறுத்திக் கேட்டு, வீட்டுக்கே வந்துவிட்டார். ஜாடிக்குள் விரலை விட்டு, மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாபு, மச்லி பாத் மே மரா. பஹலே பானி மரா."

மீன் பிறகுதான் செத்தது, முதலில் செத்தது தண்ணீர் என்கிறார். என்னைக் கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் வாழையிலையில் சுற்றி வயல் மண் கொண்டுவந்தார். குளத்துத் தண்ணீர் ஒரு டின், வேலம்பாசி ஒரு கைப்பிடி, அந்த அகல இலைச் செடியில் வேரோடு இரண்டு. வெள்ளை மணலை அவரே அள்ளி வெளியே எறிந்தார். ஜாடியைப் பழையபடி பின்னறை இருட்டில் வைக்கச் சொன்னார். பிறகு ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு மீன், நெற்றியில் அதே வெள்ளிப் பொட்டு. "சார் தா, சார் ஹோ கயா" என்று கண்ணைச் சிமிட்டினார். நாலு இருந்தது, நாலு ஆகிவிட்டது. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்து, "ஹாத் மத் லகானா", கை வைக்காதே, என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொடவில்லை. அந்த வருஷம் நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

மார்ச்சில் தந்தி வந்தது. ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். பணிமனை முழுக்க மிட்டாய் கொடுத்தேன். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து தந்தியை இன்னொரு தடவை பிரித்தேன். 'நலம்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அதே வார்த்தையைத்தான் நானும் எழுதிக்கொண்டிருந்தேன், வால் அறுந்தவளைக் கொல்லையில் புதைத்துவிட்டு.

அடுத்து வந்த கடிதம் அவள் கையெழுத்தில் இல்லை. அண்ணன் எழுதியிருந்தார். "தங்கச்சி அசதியாக இருப்பதால் நான் எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம்." அதற்கடுத்ததும் அவர் எழுதியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இருக்கிறாளா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பொய் எழுதுகிறவனுக்கு வந்த கடிதத்தை எப்படி நம்புவது என்று தெரியாது. ஏப்ரல் கடைசியில் அவள் கையெழுத்திலேயே நாலு வரி வந்தது, கோணல்மாணலாக. அதிலும் நலம். மீனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

சாயங்காலம் பின்னறையில் அவள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தாதாவின் குளத்துத் தண்ணீர் ஒரு செம்பு, ஒரு கரண்டி புழு, அழுகின இலை இருந்தால் கிள்ளல். அந்த இருட்டில் செடி அவசரமே இல்லாமல் வளர்ந்தது. புது இலை ஒன்று விரிய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில், முதல் மழையோடு கப்பல் வந்தது. ஜெட்டியில் கூட்டத்தை முட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். ஏணியில் அவள் இறங்கினாள், தோளில் பிள்ளை. பாதி ஆளாகி இருந்தாள், முடியெல்லாம் கொட்டியிருந்தது. ஆனால் தன் காலால் நடந்து வந்தாள். 

"மீனெல்லாம்?" என்றாள்.

"நாலும் நலம்" என்றேன். வாய் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக்கூட இறக்காமல் பின்னறைக்குப் போனாள். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செடி நல்லா இருக்கு. வால் அறுந்தவ எங்க?"

நான் ஜாடி வாயில் கட்டியிருந்த வலைத் துணியை இழுத்துச் சரி செய்தேன்.

"வாலு வளந்துட்டுதோ?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மீனுக்கு வால் வளரும் என்று தாதாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மெலிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. வெயில், பாசி, வெள்ளை மணல், பிளீச்சிங் பவுடர், பாட்டிலில் வந்த இரண்டு மீன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெள்ளச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நானும்தான் பொய் சொன்னேன்" என்றாள். "ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தேன். தந்தி அடிச்ச அன்னிக்கு ராத்திரியே ரத்தம் போக ஆரம்பிச்சு, நிக்கல. கண்ணு முழிச்சதும் அண்ணன்ட்ட, என்னயப் பத்தி ஒண்ணும் எழுதாத, நலம்னே போடுன்னு சொல்லிட்டேன். நெசத்த எழுதினா அது இங்க வந்து சேருறதுக்குள்ள ஒண்ணு நான் எந்திரிச்சிருப்பேன், இல்லன்னா போயிருப்பேன். நீங்க கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு என்ன செய்விய?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இதையா மறச்சே? இதையா?" என்று கத்திவிட்டேன். பிள்ளை வீரிட்டு அழுதது.

"நீங்க மட்டும் என்னவாம்" என்றாள்.

 அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. மூன்று மாதமாகப் பெட்டியில் வைத்து நான் நம்பாமலே இருந்த தந்தியை அன்றைக்குத்தான் நம்பினேன். அவள் பிள்ளையை என் மடியில் போட்டாள். "இந்தக் கைக்கு இனிமே வேலை இருக்கு, பிடிங்க" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையோடு மறுபடி மெயின்லேண்டு போனாள். முதல் கடிதம் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "வந்த அன்றைக்கே பையனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் இருந்தது, இப்போது இல்லை. இருமல் இன்னும் இருக்கிறது. எனக்கு இடுப்பு வலி அப்படியேதான்" என்று எழுதியிருந்தாள். நலம் என்ற வார்த்தை கடிதத்தில் எங்கேயுமே இல்லை. இரண்டு தடவை படித்தேன். மனசு அப்படியே லேசாகிவிட்டது.

உடனே பதில் எழுதினேன். "வலையைக் கட்ட மறந்துவிட்டேன். ஒரு மீன் துள்ளி விழுந்து செத்துவிட்டது. மூன்று இருக்கிறது. தண்ணீரைத் தொடவில்லை."