அறிவிப்பின் நடுவே ஒரு மூச்சு

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தடம், நேரம், நடைமேடை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சளி பசைபோல் நுரையீரலில் இறுகிக்கொள்ளும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு பிறந்தவளுக்கு அந்தக் கர்வம் கூடாதா என்ன?

செவ்வாய்க்கிழமை காலை, அதே நிலையத்தின் பார்சல் அறையில் நான் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் நேரத்துக்கும் நடைமேடைக்கும் நடுவே நின்றது. அடுத்த அறிவிப்பில் இரண்டு இடத்தில் நின்றது. ஒட்டிய மூட்டைக்கே மறுபடி ஒட்டினேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் அன்றே மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். நமக்கு மூக்கொழுகலோடு போய்விடும் வைரஸ், அவளுக்கு நெஞ்சில் இறங்கிக் குடியேறிவிடும். போன வாரம் எனக்குக் கரகரத்தது. மாமா வீட்டில் ஆளாளுக்கு என் வாயைக் கிளறுவார்கள். அதற்குக் கூசி, வெந்நீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அறிவிப்பு அறைக்கு ஓடினேன். இருமிக்கொண்டிருந்தாள்.

“என்ன முறைக்கிற? தூசி. வெளிய சுவரை இடிக்கிறாங்க.”

“காலைல மூச்சு அளக்குற மெஷின்ல ஊதிப் பாத்தியா?”

“கம்மியாத்தான் காட்டுச்சு. மெஷினுக்கும் மனசு சரியில்ல போல. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாத்துக்கலாம்.”

சென்ற முறையும் இப்படித்தான் நான்கு நாள் தள்ளிப்போட்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குறைந்த மூச்சு முழுதாகத் திரும்பவேயில்லை.

“தூசி இல்லக்கா. போன வாரம் எனக்குச் சளி. சொல்லல.”

“மாமா வீட்டுக்குப் போகணுமேன்னா?”

தலையாட்டினேன்.

“அடப்பாவி, ஊமைக்கோட்டான்! நாலு வார்த்தை பேச வலிச்சு, என் நெஞ்சுல கொண்டாந்து வச்சிட்டியா?”

அவள் சிரிக்கவில்லை. உடனே டாக்டரின் நர்ஸுக்குப் போன் போட்டாள். “தம்பிக்குச் சளி இருந்திருக்கு. எனக்கு இறங்கிடுச்சு. இன்னிக்கே வர்றேன்.”

பிறகு மைக்கை என் பக்கம் தள்ளினாள். “மாத்து ஆள் வர்ற வரைக்கும் நீ சொல்லு. பேசிப் பழகு.”

தாளைப் பார்த்துத் தடத்தைச் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால், படியிறங்கிக்கொண்டிருந்த அக்கா பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். நடைமேடை எண்ணைச் சொல்ல மறந்துவிட்டேன்.