மனைவியின் கைப்பையில் இருந்த மாற்றுப் பை

புற்றுநோய்க்காக என் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றின் வலப்பக்கம் ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒட்டிய பையில் சிறுநீர் தானாக வந்து சேரும். அதன் பிறகு கல்முனையை விட்டு நான் எங்கும் போகவில்லை. போன சனிக்கிழமை அக்கரைப்பற்றில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா?

காலை பத்தரை பஸ். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பை நிறையக்கூடாது என்று விடிந்ததில் இருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஒலுவில் தாண்டும்போதே தலை கிறுகிறுத்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளிக்கிறாரா என்று வழியெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் பாட்டுக்குத் தூங்கிவிட்டார்.

கல்யாண வீட்டில் மனைவி பெண்கள் பக்கம் போய்விட்டாள். மாற்றுப் பை அவளுடைய கைப்பையில் இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆண்களுக்குப் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஒரு தாலத்துச் சோற்றைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேரும் உட்காராமல் மூடியைத் திறக்கமாட்டார்கள். நான்தான் ஆறாவது. சம்மணம் போட்டுக் குனிந்ததும் பையின் ஓரம் கழன்று, இடுப்பில் உடுத்திருந்த சாரம் நனைந்தது. விழுந்தடித்துக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். இந்த வயதில், அதுவும் கல்யாண வீட்டில்! அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தங்கச்சியின் கணவர் கதவைத் தட்டினார்.

“மச்சான், என்ன செய்யிது? சஹனத் திறக்காம இரிக்கம்.”

“நீங்க சாப்பிடுங்க.”

“நீங்க இல்லாம எப்பிடி?”

வேறு வழியில்லை. “மூத்திரப் பை கழண்டுபோச்சு மச்சான். வீட்டுக்காரிட கைப்பைல வேற ஒண்டு இரிக்கி.”

“ஓம், இப்பக் கொண்டாறன்.”

சிவப்புக் கைப்பையையும் தன்னுடைய சாரம் ஒன்றையும் கதவிடுக்கால் நீட்டினார். மணப்பெண்ணின் வாப்பா, அத்தனை ஆண்களுக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

மாற்றிக்கொண்டு வரக் கால்மணி நேரமாயிற்று. ஐந்து பேரும் கழுவிய கையோடு அப்படியே இருந்தார்கள். “கால நீட்டி இரிங்க காக்கா” என்று ஒருவர் தள்ளி இடம் விட்டார். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முகம் எரிய, தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீரை நிறுத்தாதீர்கள், நாற்றம்தான் கூடும், சிறுநீரகத்துக்கும் கூடாது. பஸ் ஏறுமுன் பையைக் காலி செய்யுங்கள். மாற்றுப் பை உங்கள் கையிலேயே இருக்கட்டும். வெட்கம் போய்விடும் என்று சொல்லமாட்டேன், எனக்குப் போகவில்லை. ஆனாலும் பாயில் உட்காருமுன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் ஐந்து பேர் பசியோடு காத்திருந்து ஆறிய சோற்றைத் தின்றார்கள்.