அப்பா வைத்த தீனிப் பெயர்கள்

நேற்று பேருந்து நிலையக் கடையில் உருளைக்கிழங்கு போண்டா வாசனை அடித்ததும், சர்க்கரை நோயாளி என்பதையே மறந்து நான்கை வாங்கி நின்றபடி விழுங்கினேன். ஏன்டா இப்படி என்று கேட்க ஆள் இல்லை.

இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில், அம்மா இறந்தபின் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். ஷிப்ட் முடிந்து பழுப்பு நிலக்கரித் தூசியோடு சைக்கிளில் வரும் அப்பா, கேன்டீன் போண்டாக்களைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார். அதன்பின் மின்விசிறியின் கடகடப்பைத் தவிர வீட்டில் பேச்சே இருக்காது. ஒருநாள் அவர் பங்கையும் நானே தின்றுவிட, பழைய ஆங்கில அகராதியைப் புரட்டி, "டேய் கல்லிகட்! அப்பனுக்கு ஒண்ணு வெக்கத் தோணலையா?" என்றார். பெருந்தீனிக்காரனுக்கு வெள்ளைக்காரன் எப்போதோ வைத்து, அவனே மறந்துபோன பெயராம். மறுநாள் 'டென்டர்பெல்லி', அதற்கடுத்த நாள் 'கட்லர்'. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே, பசியில்லாத நாளிலும் வயிறு வலிக்க வலிக்க அவர் பங்கையும் தின்று, பட்டங்களோடு தொந்தியையும் வளர்த்தேன்.

ஒரு மாலை அவர் அகராதியை மூடிவைத்தார்.

"தீந்துபோச்சுடா. இனிமே உன்னைத் திட்ட இங்கிலீஷ்ல வார்த்தை இல்ல."

மூடிய அகராதியை அவர் பக்கமே தள்ளினேன்.

"அப்ப மொதல்லேருந்து சொல்லுங்கப்பா."

அப்பா அகராதியை மீண்டும் திறந்தார். பிறகு தன் பங்கைத் தானே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, திட்டுவதற்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.