மொத்தமும் இடது கை

"நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்லைம்மா."

காலையில டீ டம்ளரைக் கையில வாங்கினதும் அண்ணி வாயில வர்ற முதல் பேச்சு இதுதான். அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா. யூனிஃபார்ம் தைக்கிற கடையில துணி வெட்டுற வேலை. அப்போ எங்க கூடத்தான் இருந்தாங்க, சமையல்கட்டுக்கு அடுத்த ரூம்ல. பொட்டுத் தூக்கம் இல்லாதவங்க குறட்டை எனக்குச் சுவத்தைத் தாண்டிக் கேக்கும். சொன்னா, "அது மூச்சு"ம்பாங்க.

டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணிக்கு அது தண்ணி குடிச்ச மாதிரி. முழுங்கிட்டு, உக்காந்து பட்டாணி உரிச்சு முடிச்சுட்டுத்தான் படுக்கப் போவாங்க. "இதெல்லாம் ஒரு மாத்திரையா"ன்னு என் வீட்டுக்காரர் ஒரு நாள் பாதியை வாயில போட்டார். மறுநாள் வேலைக்குக் கிளம்பினவர், ஒரு கையைச் சட்டையில விட்டபடியே கட்டில்ல சாஞ்சுட்டார். மத்தியானம்தான் எழுந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"ன்னு கேட்டேன்.

"அவன் குழந்தையிலேயே அப்படித்தான். தாலாட்டுல முதல் வரி தாண்ட மாட்டான்"னாங்க அண்ணி, பெருமையா.

அப்புறம் ஒரு தடவை மருந்துக்கடையில அந்த மாத்திரை வரலைன்னு வேற கம்பெனி அட்டையைக் கொடுத்தாங்க. அதே மருந்துதான்னாங்க. வெள்ளை போய் மஞ்சள் வந்துச்சு. அண்ணி காலையில டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு சுவத்தையே பார்த்து உக்காந்திருந்தாங்க. புலம்பலே இல்லை. விட்டது தொல்லைன்னு நான் பாத்திரம் தேய்க்கப் போயிட்டேன்.

அந்த வாரம்தான் கடையில அது நடந்துச்சு. துணியோட நல்ல பக்கம் ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி மடிச்சு வெட்டினா சட்டைக்கு வலது கை, இடது கை ஜோடியா விழும். அண்ணி அத்தனையையும் ஒரே பக்கமா அடுக்கி வெட்டிட்டாங்க. ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு மொத்தமும் இடது கை.

முதலாளி கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை. மெதுவா, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கத்தரியை வெச்சுட்டு பட்டன் தைக்கப் போயிடுங்கக்கா"ன்னார். பாதி ஆயுசு கத்தரி பிடிச்ச கைக்கு அது செருப்படி.

"மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடறேன்"னாங்க அண்ணி, வீட்டுக்கு வந்ததும்.

"திடுதிப்புனு நிறுத்தினா அது வேற வம்பு. செருப்பை மாட்டுங்க"ன்னு, ரெண்டு அட்டையையும் பையில போட்டு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பாதி மாத்திரையில சாஞ்ச கதையையும் சொன்னேன். "மருந்து ஒண்ணுதான். ஆனா சிலருக்குக் கம்பெனி மாறினா வித்தியாசம் தெரியலாம். ஒருத்தருக்கு முழுசு பத்தாது, இன்னொருத்தருக்குப் பாதியே ஆளைச் சாய்ச்சுடும். உங்க தம்பிகிட்ட இதைத் தொட வேணாம்னு சொல்லுங்க"ன்னார். பழைய கம்பெனியையே தேடி வாங்கச் சொன்னார். அதையும் பார்த்துப் பார்த்துக் குறைச்சார்.

ஒரு நாள் காலையில அண்ணி டீயை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினாங்க.

"நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்லைம்மா."

எனக்கு அப்பத்தான் உயிர் வந்துச்சு. அன்னைக்குக் கடையில கை ஜோடி ஜோடியா விழுந்துச்சு.

இப்போ நாங்க வேற பக்கம் வீடு மாறிட்டோம். அண்ணி வரலை, கடைக்கு மேல மாடி ரூம்லயே தங்கிட்டாங்க. கத்தரி இன்னும் அவங்க கையிலதான். நான்தான் காலையில பழக்கதோஷத்துல ஒரு டம்ளர் கூடுதலா எடுத்து வெச்சுட்டு நிக்கறேன்.

அந்தப் பக்கம் போறவங்க ஒரு எட்டு மாடியேறிப் பாருங்க. காலையில போங்க. தூங்கினீங்களான்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா கவலைப்படாம டீ குடிச்சுட்டு வாங்க. நல்லாத் தூங்கினேன்னு சொன்னா மட்டும் எனக்கு உடனே ஒரு போன் பண்ணுங்க.