பன்னிரண்டு கைகள்

சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற அவளுக்குத் தையல் கூடத்தில் ஓட்டக்கா என்றுதான் பேர். சும்மா வந்த பேரா அது? கழிப்பறைக்குப் போகக்கூட மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நின்ற காலத்தில், ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்று முதலாளியையே வழிக்குக் கொண்டுவந்தவள். ஓட்டெடுப்பில் இருபத்து மூன்று பேரில் பன்னிரண்டு கை எழுந்தால்தான் எதுவும் மாறும் என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாள் அவள் எழுதியது. கைகளை எண்ணுவதும் அவள்தான்.

போன மாதம் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே தைத்ததில் ஊசி விரலில் இறங்கிவிட்டது. போன்களை அலமாரியில் வைத்துப் பூட்டினால் தினமும் அரை மணி முன்னதாக வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி. பிள்ளைக்காரிகளுக்கு வாயெல்லாம் பல். ஓட்டக்காவோ தன் போனை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள். அவள் மகன் சிறையில் இருந்தான். வெளியூர் வேலை என்று கூடத்தில் சொல்லிவைத்திருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அவன் முறை வரும்போது, பகலில் கூப்பிடுவான். திருப்பிக் கூப்பிட வழியில்லை. பெற்ற அப்பாவே அவனைத் தலைமுழுகிவிட்டார். "நீயும் எடுக்கலன்னா, விட்டுட்டேன்னு நினைச்சுக்குவேம்மா" என்று போன தடவைதான் சொன்னான்.

"எனக்கு மட்டும் விட்டுடுங்களேன்" என்றாள். கெஞ்சிப் பழக்கமே இல்லாதவள்.

"காரணம் சொல்லுங்கக்கா" என்றாள் பக்கத்து மெஷின்காரி. இவள் குனிந்து நூலைக் கடித்தாள். "அப்ப எப்படிக்கா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

போன்களைப் பூட்டச் சொல்லி இருபத்திரண்டு கை எழுந்தது. ஒன்றைக்கூடக் குறைக்காமல் எண்ணிச் சொன்னாள், பாழாய்ப்போன நேர்மை. யாரைத் திட்டுவது? யாரும் கெட்டவர்கள் இல்லையே.

ஒன்பதாம் நாள் அலமாரிக்குள் மணி அடித்தது. அவளுடைய போன்தான். நின்றது, மறுபடி அடித்தது.

"சாவியக் குடுங்கண்ணே."

மேஸ்திரி வேலைக்குப் பயந்தவர். "கைய எண்ணாம திறந்தா என் வேலை போயிடும்மா. சட்டுனு எண்ணுங்க, திறந்துடறேன்."

எதற்குத் திறக்க வேண்டுமாம் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"என் பையன் ஜெயில்ல இருக்கான்" என்றாள் ஓட்டக்கா. இரண்டு வருஷம் அடைகாத்த பேச்சு கூடத்தின் நடுவில் விழுந்தது. "அவன்தான் கூப்பிடறான். கை தூக்குங்கம்மா."

மெஷின்கள் ஓய்ந்தன. எல்லாரும் கை தூக்கினார்கள். பக்கத்து மெஷின்காரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள்.

ஓட்டக்கா எண்ணினாள். ஏழா எட்டா என்று குழம்பி, முதலிலிருந்து தொடங்கினாள். பதினொன்று என்றபோது மணி நின்றது.

"பன்னெண்டு" என்றாள், சத்தமே வராமல்.

மேஸ்திரி ஓடிப்போய் அலமாரியைத் திறந்து போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த எண்ணுக்குப் போகாது என்று தெரிந்தும் அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் ஒரு கையும் இறங்கவில்லை.